முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

பிப்ரவரி மாதம் இண்டியானாவில் எங்கள் ஜனங்களுக்கு இரண்டு வேலை. விடியற்காலையில் எழுந்து வண்டிக் கண்ணாடியில் இறுகிக் கிடக்கும் பனியைச் சுரண்டுவது ஒன்று. சாயங்காலம் வீடு திரும்பியதும் டெக்சாஸிலும் ஒக்லஹோமாவிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு, "இங்க வந்துடுங்க, இங்க எல்லாம் நல்லா இருக்கு" என்று கூப்பிடுவது இன்னொன்று. காலையில் விரல் மரத்துப்போய்க் குளிரைக் கெட்ட வார்த்தையில் திட்டினவன்தான் சாயங்காலம் அப்படிக் கூப்பிடுவான். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அது எப்படி வினையாக முடிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் சின் மலைக்காரர்கள். பர்மாவை விட்டு ஓடி, மலேசியாவில் ஒளிந்து வேலை செய்து, அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்கள். அரசாங்கம் எங்களை ஆளுக்கொரு மாநிலத்தில் இறக்கிவிட்டது. இறக்கிவிட்ட இடத்தில் எவனும் தங்கவில்லை. அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான், தம்பி மாமனாரைக் கூப்பிட்டான், அப்படியே இண்டியானாபொலிஸின் தெற்குப் பக்கம் வந்து குவிந்துவிட்டோம். ஊரில் நான் இங்கிலீஷ் வாத்தியார். இங்கே கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறேன். ஆனாலும் பெயர் வாத்தியார்தான். யார் வீட்டுக்கு என்ன கடிதம் வந்தாலும் படித்துச் சொல்ல என்னிடம்தான் வரும்.

கிடங்குக்கு எங்களை ஏற்றிப் போகிறவன் மங் கியோ. நாற்பது வயது, அதிகம் பேசாத ஆள், பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் வைத்திருந்தான். முக்கால் மணி நேரப் பயணம். முன் சீட்டில் நான். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களில் காப் தாங் என்று ஒருத்தன், வாய் ஓயாதவன்.

"டெக்சாஸ்ல ஜனவரியில சட்டையக் கழட்டிட்டு நிக்கிறானாம்," என்றான் காப் தாங், அந்தப் பிப்ரவரிக் காலையில். "அதை விட்டுட்டு இந்தப் பனிக்குள்ள எதுக்குய்யா எல்லாரும் வந்து விழறாங்க?"

"வீடுய்யா," என்றார் ஒருத்தர். "இங்க நம்மள மாதிரி ஆளு வீடு வாங்கலாம். அங்க வாடகை கட்டியே செத்துப்போகணும்."

"வேலையும்தான். இங்க வாய் வேணாம், கை இருந்தா போதும்."

"ஆஸ்பத்திரிய விட்டுட்டீங்களே," என்றான் காப் தாங். "இங்க நம்ம பாஷை பேச ஆள் வெச்சிருக்கான். என் பெரியம்மா அங்க வயித்து வலின்னு போச்சு. கைய எக்குத்தப்பா வெச்சுக் காட்டிடுச்சு. நெஞ்சு வலின்னு மூணு நாள் படுக்க வெச்சுட்டான். பெரியம்மாவும் சாப்பாடு நல்லா இருக்குன்னு படுத்துக்கிச்சு."

"எல்லாத்துக்கும் மேல, செத்தா தூக்க ஆள் இருக்கு."

"உன்னைத் தூக்க எட்டு பேர் வேணும்யா. அதுக்குத்தான் இன்னும் ஆள் வரட்டும்னு கூப்பிடறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மங் கியோ சிரிக்கவில்லை. சத்தம் அடங்கினதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மச்சான் வர்றேங்கறாரு வாத்தியாரே."

அவன் வீட்டு விஷயம் தெரிந்தவன் எங்கள் ஆட்களில் நான் ஒருத்தன்தான்.

நவம்பரில் நடந்தது அது. எங்களில் யாராவது வீடு வாங்கினால் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்காமல் இருக்கமாட்டோம். சபையைக் கூப்பிட வேண்டும், பன்றி அறுக்க வேண்டும், மக்காச்சோளத்தையும் குடலையும் சேர்த்து அண்டா நிறைய சாபுத்தி காய்ச்ச வேண்டும், போதகர் ஒவ்வொரு அறையாக நடந்து ஜெபம் பண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் அது வீடு. ஆனால் போதகர் ரோ சுங் நாட்காட்டியில் சனிக்கிழமைகள் எல்லாம் கல்யாணம். ஒரே ஒரு சனிக்கிழமை காலி. மங் கியோ வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நாளோ, அதற்கு அடுத்த புதன்கிழமை.

"கையெழுத்து ஆச்சா தம்பி?" என்று போதகர் கேட்டார்.

"ஆன மாதிரிதான் ஐயா. கடன் தர்றோம்னு வங்கியே எழுதிக் குடுத்திருக்கு. வீட்டுக்காரரு சாவியும் குடுத்துட்டாரு, முன்னாடியே குடிவந்துக்கன்னு."

"அப்ப சரி. விசுவாசத்துல முந்திச் சொல்றதுல தப்பில்லை."

இந்தத் தப்பை எங்கள் ஆள் எவனும் செய்வான். நன்றியை முந்திச் சொன்னால் கர்த்தர் கையை இழுத்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நினைப்பு. அவர் இழுக்கவும் இல்லை. வங்கிதான் இழுத்தது.

நூற்றைம்பது பேர் வந்தார்கள். மங் கியோவின் பெண்டாட்டி ரெம் பார், சூப்பர் மார்க்கெட்டில் சுஷி உருட்டுகிறவள், முந்தின நாள் லீவு போட்டு, குளிர் தண்ணீரில் பன்றிக் குடலைக் கழுவிக் கழுவி விரல் வெடித்துப்போயிருந்தாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. சந்தோஷத்தில் வாசலுக்கும் அடுக்களைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நான்தான் போனில் படம் பிடித்து நேரலையாக விட்டேன். எனக்கு அன்றைக்கு நாக்கு நீண்டுவிட்டது. கேமராவைச் சுற்றிக் காட்டி, "டெக்சாஸ்ல இருக்கறவங்களே, நல்லாப் பாருங்க. மங் கியோ வீடு. நாலு ரூம். கீழயே ஒரு ரூம், முட்டி வலிக்காரங்களுக்கு. இன்னும் எத்தனை நாள் வாடகை கட்டுவீங்க? மூட்டையக் கட்டுங்க, இண்டியானா கூப்பிடுது" என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் மங் கியோ என்னிடம் போனை நீட்டினான். வங்கிக் கடிதம். படித்தேன். கடன் தர இயலாது. காரணமும் எழுதியிருந்தது. முதல் கடிதம் வந்த சந்தோஷத்தில், வீடுதான் முடிந்துவிட்டதே என்று, இவன் போய்த் தவணையில் அந்தப் பெரிய வேனை வாங்கியிருந்தான். சபைக்காரர்களை வேலைக்கு ஏற்றிப்போகலாம் என்று நல்ல எண்ணத்தில்தான். வங்கி கடைசியாக ஒரு தடவை பார்த்திருக்கிறது. ஒரு சம்பளத்தின் தலையில் இரண்டு சுமையா என்று கையை விரித்துவிட்டது.

"திருப்பிப் படிங்க வாத்தியாரே."

திருப்பிப் படித்தேன். அதேதான் இருந்தது.

"ஸ்தோத்திரம் சொல்லியாச்சே," என்றான். "அதை எப்படி வாபஸ் வாங்கறது?"

வீட்டுக்கார வெள்ளைக்காரர் பெயர் டேல். டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டில் இருக்கிறார். நல்ல மனுஷன். மார்ச் மாதம் வரைக்கும் வாடகைக்கு இருந்துகொள், வேறு வங்கி கிடைத்தால் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் விற்கத்தான் வேண்டும் என்றார். இதையும் நான்தான் பேசி மொழிபெயர்த்தேன். கடன் விண்ணப்பம், கடிதம் எல்லாம் மங் கியோ பெயரிலேயே இருந்ததால் ரெம் பாருக்கு ஒன்றும் தெரியாது. டேல் எப்போதாவது கராஜில் கிடந்த தன் சாமானை எடுக்க வந்தால், பழைய வீட்டுக்காரர் என்று அவருக்கு ஒரு டப்பா சுஷி கொடுத்து அனுப்புவாள்.

"பொண்டாட்டிகிட்டயாவது சொல்லுய்யா," என்றேன்.

"எப்படிச் சொல்றது? அவ கை விரல பாத்தீங்கல்ல? ரெண்டு மாசத்துல வேற வங்கி புடிச்சிடறேன். அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை."

இரண்டாவது வங்கியும் வேனைப் பார்த்தது, மூன்றாவது வங்கியும் பார்த்தது. வேனை விற்றாலும் இன்னும் பல மாதம் ஆகும் என்றார்கள். டிசம்பர் போனது. ஜனவரி போனது. நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்தவன் குடும்பத்து மானம், நாம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னுடைய அந்த வீடியோவும் ஒரு காரணம் என்பதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது மச்சான் வருகிறார். ரெம் பாருடைய அண்ணன், டெக்சாஸில் இருக்கிற லியான் ஊக். எங்களில் பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்றால் சாமிக்கு அடுத்தபடி. பன்றி அறுத்தால் அவர் பங்கை எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கறி. அவர் முன்னால் காலை நீட்டி உட்காரமாட்டோம். அவரிடம் பொய் சொல்வது என்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. இதில் லியான் ஊக் வேறு மாதிரி மனுஷன். கோலாலம்பூரில் ஒரே அறையில் பதினாறு பேர் படுத்திருந்த காலத்தில், புதிதாகக் கல்யாணமான தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தன் பாயைக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் மாடிப்படியில் உட்கார்ந்தே தூங்கினவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மங் கியோ வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு, புளிச்சக்கீரை, உப்புக்கண்டம். ரெம் பாரின் முழங்கையில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. கீழ் அறைக்கு அவளே அடித்திருந்தாள். அண்ணிக்கு வெள்ளை அறை பிடிக்காது, ஆஸ்பத்திரி ஞாபகம் வருமாம். சாப்பாட்டின் நடுவில் போன் அடித்தது. ரெம் பார் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

"மாப்பிள்ளை இருக்காரா?" லியான் ஊக் குரல்.

"இருக்கேன் மச்சான்."

"வாடகைய மறுபடி ஏத்திட்டான்யா இவன். அது கெடக்கு. இவளுக்கு முட்டி சுத்தமாப் போயிடுச்சு. மூணாவது மாடி. காய் வாங்கக்கூட இறங்கறதில்லை. போன வாரம் பூரா இவ பேசின ஒரே ஆளு நான்தான். நான் என்னத்தப் பேசப்போறேன். அந்த வீடியோவத்தான் திரும்பத் திரும்பப் பாத்துட்டு இருக்கா. கீழயே ரூம் இருக்குன்னு வாத்தியாரு சொல்றாரே, நெசமா?"

"இருக்கு மச்சான்."

"சும்மா வந்து குந்திக்க மாட்டேன். வேலை தேடிக்குவேன்."

"அதெல்லாம் எதுக்கு மச்சான் சொல்லிக்கிட்டு."

"இல்ல, கேளு. எனக்கு இது பன்னெண்டு வருஷ வேலை. அம்பத்தஞ்சு வயசுல விட்டா திரும்பச் சேத்துக்க மாட்டான். அதனாலதான் உன் வாயால கேக்கறேன். நோட்டீஸ் குடுத்துடவா?"

மங் கியோ கையில் எடுத்த சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்தேன்.

"உங்க இஷ்டம் மச்சான்," என்றான் கடைசியில்.

"என் இஷ்டம் என்னய்யா? உன் வீடு. நீதான் சொல்லணும்."

ரெம் பார் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டாள். "என்னண்ணே யாரோ மாதிரிக் கேட்டுக்கிட்டு? ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சுட்டேன். அண்ணிகிட்ட சொல்லுங்க, மஞ்சக் கலரு." பிறகு புருஷனைப் பார்த்துக் கண்ணால் அதட்டினாள்.

"வாங்க மச்சான்," என்றான் மங் கியோ.

மறுநாள் சாப்பாட்டு அறையில் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். கிடங்கில் எங்களுக்கு முப்பது நிமிடம். நடந்து வரவே ஆறு நிமிடம் போய்விடும். மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னிக்கே சொல்லிடு. நோட்டீஸ் குடுத்துட்டாருன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்கறேன்ல."

"ஒரு போன்யா. ரெண்டு நிமிஷம். 'மச்சான், வீடு கை கூடலை, இப்ப வராதீங்க.' இவ்வளவுதான்."

அவன் டிபன் டப்பாவை என் கையில் கொடுத்தான். "நீங்க சொல்லுங்களேன்."

"நானா? உன் மச்சான்கிட்ட நான் என்னத்துக்கு?"

"வீடியோவுல கூப்பிட்டது நீங்கதானே வாத்தியாரே."

கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னான். பின்னால் நின்ற பெண் மைக்ரோவேவ் காலி என்று தோளைத் தட்டினாள். சோற்றைச் சூடாக்கிக்கொண்டு போய், ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை லியான் ஊக் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்று சபையில் ரெம் பார் எல்லாருக்கும் சொன்னாள். என்னிடமும் வந்து சொன்னாள். "உங்க வீடியோவாலதான் அண்ணே. நீங்க கூப்பிட்ட நேரம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெடித்த விரல்கள் இன்னும் ஆறவில்லை. நான் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். வேறென்ன சொல்வது.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை அவர்கள் வருகிற நாள். பனி உருகி, முற்றத்துப் புல்லெல்லாம் சேறு. வானம் மூடியிருந்தது. சாமான் இறக்கச் சபையிலிருந்து பதினைந்து பேர் வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். புதுக் குடும்பம் வந்தால் இப்படி வந்து நிற்பது எங்கள் வழக்கம். ரெம் பார் விடியலிலிருந்து அடுப்படியில் இருந்தாள். அண்ணன் பங்குக் கறியைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள். மங் கியோ கராஜில் ஒரு மூலையில் பெட்டிகளை இங்கிருந்து அங்கே மாற்றிக்கொண்டிருந்தான்.

"சாமான் இறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன் வாத்தியாரே," என்றான். "லாரி நின்ன உடனே."

"ஊரே நிக்குதுய்யா வெளிய."

"தெரியுது."

அந்த நேரத்தில்தான் டேல் தன் பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலிருந்து ஒரு போர்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நேராகப் புல்வெளிக்கு நடந்து, போர்டை ஊன்றி அடிக்க ஆரம்பித்தார். மாதக் கடைசியில் வீட்டை விற்பனைக்கு விடுகிறேன், அதற்கு முன் போர்டு வைக்க வருவேன் என்று அவர் மங் கியோவுக்குச் செய்தி அனுப்பித்தான் இருந்தார். இவன் அதை எனக்குக்கூடக் காட்டவில்லை.

சுத்தியல் சத்தம் கேட்டு ரெம் பார் கரண்டியோடு வெளியே வந்தாள். போர்டில் இருந்த மற்றது புரியாவிட்டாலும் 'சேல்' என்பது அவளுக்குத் தெரியும், கடையில் தினம் பார்க்கிற சொல். முதலில் சிரித்தாள்.

"இவரு வயசாகி வீடு மாறி வந்துட்டாரு போல," என்று சபைக்காரர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டேலிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினாள். எங்க வீடு. நோ சேல். எங்க வீடு. டேல் சுத்தியலை நிறுத்திவிட்டு, அம்மா, உன் புருஷனிடம் சொன்னேனே என்று மெல்ல ஏதோ விளக்கப் பார்த்தார். அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு போய்விட்டது. போர்டின் கழியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரண்ணே, இங்க வாங்க. இவருகிட்ட எடுத்துச் சொல்லுங்க. இது நாங்க வாங்கின வீடு, போதகர் வந்து ஜெபம் பண்ணின வீடுன்னு சொல்லுங்க. என் அண்ணன் வர்ற நேரத்துல இப்படிப் போர்டு வெச்சா அவரு என்ன நினைப்பாரு?"

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். கராஜ் பக்கம் திரும்பினேன். மங் கியோ ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அசையவில்லை. அங்கே நின்றவர்களில் இங்கிலீஷ் சரளமாகத் தெரிந்தவன் நான் ஒருத்தன். அந்தத் தைரியத்தில்தான் செய்தேன். டேலைக் கையைப் பிடித்து இரண்டடி தள்ளி அழைத்துப்போய்ப் பேசினேன். நிதானமாக, வாத்தியார் குரலில் பேசினேன். டேல் முகம் மாறியது. ரெம் பாரைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, அவள் பக்கத்தில் போய், தோளை மெதுவாகத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா என்றார். போர்டைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அவ்வளவுதான். சொல்ற மாதிரி சொன்னா கேக்கறாங்க," என்று ரெம் பார் பெருமையோடு கரண்டியை ஆட்டினாள். "நல்ல மனுஷன் பாவம். ஏதோ குழம்பிட்டாரு."

அரை மணி கழித்து லாரி வந்தது. லியான் ஊக் இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தார், கால் வீங்கியிருந்தது. ஆனாலும் கோட்டும் டையும் போட்டிருந்தார். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி மாற்றிக்கொண்டாராம். மாப்பிள்ளை சொந்த வீட்டுக்கு முதல் தடவை வருகிறார் அல்லவா. அவர் மனைவி டாட் இயாங்கை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். ரெம் பார் ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

லியான் ஊக் யாருக்கும் கை கொடுக்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, படியின் முன்னால் வீங்கின காலை மடக்கி மண்டியிடப் போனார்.

"ஒரு வார்த்தை ஸ்தோத்திரம் சொல்லிட்டு உள்ள வர்றேன்," என்றார்.

"வேணாம் மச்சான்."

மங் கியோதான். கராஜிலிருந்து ஓடி வந்து அவர் கையைப் பிடித்துவிட்டான். பெண் கொடுத்தவரைத் தொட்டுத் தடுப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏன்யா?"

"இன்னொரு தடவை ஸ்தோத்திரம் வேணாம் மச்சான். இது என் வீடில்லை."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வேன், வங்கி, டேல், மாதக் கடைசி. நடுவில் ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை. அதுவே எனக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது. லியான் ஊக் பாதி மடக்கின காலோடு படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நவம்பர்ல."

"நான் போன மாசம்தானே கேட்டேன். நோட்டீஸ் குடுக்கவான்னு."

"கேட்டீங்க."

"வாங்கன்னு சொன்னே."

"சொன்னேன் மச்சான்."

லியான் ஊக் டையைத் தளர்த்தினார். கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட மங் கியோவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வானத்தைப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. மெத்தை நனைஞ்சிடும். எல்லாத்தையும் கராஜ்ல இறக்கி வைங்கப்பா," என்றார். பிறகு, "மூட்டை எதையும் பிரிக்க வேணாம்."

பதினைந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு இறக்கினார்கள். எவர் முகத்தையும் எவரும் பார்க்கவில்லை. ஏனென்றால் நவம்பரில் அந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் கைதட்டி, என் வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பாதவர் ஒருத்தரும் அங்கே இல்லை.

ரெம் பார் கத்துவாள், அழுவாள் என்று பயந்தேன். அவள் அண்ணியை உள்ளே உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் சோறு போட்டாள். அண்ணன் பங்கை அண்ணன் தட்டில் வைத்தாள். புருஷன் தட்டிலும் வைத்தாள், அவன் முகத்தைப் பார்க்காமல். சபைக்காரர்கள் அவசரமாகச் சாப்பிட்டு, போய்வருகிறோம் என்று முணுமுணுத்துக் கிளம்பிவிட்டார்கள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தேன்.

"வாத்தியாரண்ணே. கொஞ்சம் நில்லுங்க."

கராஜில் மூட்டைகளுக்கு நடுவே லியான் ஊக் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மங் கியோ சுவரோரம் நின்றான். ரெம் பார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்மா."

"அந்தக் கடிதத்தைப் படிச்சுச் சொன்னதே நீங்கதான்."

"ஆமா."

"சரி. அது அவரு சொல்ல வேண்டியது, நீங்க சொல்லலை, விடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை." அவள் யோசிப்பதுபோல் நிறுத்தினாள். "அது அந்த ஆளு வீடு. அவரு வீட்டுல அவரு போர்டு வைக்கறாரு. நான் மறிச்சேன், கத்தினேன். நியாயமா அவருக்குக் கோவம் வரணும். அவரு ஏன் தொப்பியக் கழட்டிட்டு, என்னைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு? அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

சொல்லாமல் தப்பிக்க ஒரு வழியும் தெரியவில்லை. லியான் ஊக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு மனசு சரியில்லைன்னு சொன்னேன்," என்றேன். "புத்தி கொஞ்சம் பெசகிடுச்சு, இது தன் வீடுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு பாவம், விருந்தாளிங்க வர்ற நாள், திங்கக்கிழமை வாங்கன்னு சொன்னேன்."

அவள் என்னைவிட்டுத் திரும்பி, விஷயம் தெரிந்த பிறகு முதல் தடவையாகப் புருஷனிடம் பேசினாள்.

"போனைக் குடுங்க. அந்த ஆளு நம்பரப் போட்டுக் குடுங்க."

அவன் போட்டுக் கொடுத்தான். அவள் அதை என் கையில் வைத்தாள்.

"நான் சொல்றத மட்டும் சொல்லுங்க அண்ணே. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

டேல் எடுத்தார். நான் இன்னார் என்றேன்.

"இது எங்க வீடு இல்லைன்னு காலையில எனக்குத் தெரியாது. சொல்லுங்க."

சொன்னேன்.

"இப்பத் தெரியும்."

சொன்னேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் அவரு காத்திருக்க வேணாம். எப்ப வேணும்னாலும் வந்து போர்டு வைக்கலாம், யாரும் மறிக்க மாட்டோம். மாசக் கடைசியில வீட்டைக் கழுவிக் குடுத்துட்டுப் போயிடுவோம்."

சொன்னேன்.

"எனக்குப் புத்தி நல்லா இருக்கு. அதையும் சொல்லுங்க."

இருபது வருடம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஒரு வரிக்கு வாய் குழறியது. அவள் காத்திருந்தாள். அவளுக்குப் புத்தி நன்றாக இருக்கிறது, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன். பிறகு டேல் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"மன்னிச்சுக்கச் சொல்றாரும்மா. உங்கிட்ட சொல்லச் சொல்றாரு."

"அவரு எதுக்கு?" என்றாள் ரெம் பார்.

கராஜில் ஆம்பளைகள் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.